வாழை நாரில் நானோ பெட்டி! பழம் வாடாது, நிலக்கோட்டை மல்லிக்கும் வழி பிறக்குமா?

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை. மொட்டாக இருக்கும் வரைதான் குண்டுமல்லிக்கு மவுசு. வாய் திறந்துவிட்டால் விலை சரிந்துவிடும். மிஞ்சிய பூ மூட்டை மூட்டையாக சென்ட் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்.

2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் திண்டுக்கல் மாவட்டப் பூவுக்கும் பங்கு உண்டு. ஆனால் பேர் இருந்து என்ன? பூ தாங்கினால்தானே காசு! வெளியூர் போகும் பூவுக்குத் துணை ஐஸ் கட்டியும் தெர்மாகோல் பெட்டியும்தான்.

பழத்துக்கு அடித்த யோகம்

இதே தொல்லை பழ விவசாயிக்கும் உண்டு. அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள். கனடாவின் குயெல்ஃப் பல்கலைக்கழகமும், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமும் இதில் கூட்டு. கனடா நாட்டு நிதியுதவியுடன் 2012-ல் தொடங்கிய ஆராய்ச்சி 2018 வரை நடந்தது.

மருந்தின் பெயர் ஹெக்சனால். புல்லை வெட்டினால் கமகமவென்று ஒரு பச்சை வாசனை வருமே, அதில் இதுவும் இருக்கிறது. செடிகள் தாமே உண்டாக்கும் சரக்குதான்!

பழம் முற்றும்போது அதிலுள்ள ஒரு நொதி, செல்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வை அரிக்க ஆரம்பிக்கும். பழம் கொழகொழவென்று ஆவது அதனால்தான். ஹெக்சனால் அந்த நொதியின் கையைக் கட்டிப் போடுகிறது. மரத்திலேயே தெளித்துப் பார்த்ததில், மாங்காய் சுமார் 3 வாரம் வரை கூடுதலாகக் கொம்பில் நின்றது. நல்ல விலை வரும்வரை விவசாயி காத்திருக்கலாம்.

"நானோ"ன்னா என்னங்க?

ஒரு மீட்டரை 100 கோடி பங்கு போட்டால் ஒரு பங்குதான் நானோ மீட்டர்.

ஹெக்சனால் சும்மா வைத்தால் ஆவியாகிப் பறந்துவிடும். பெட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டும். அதற்குத்தான் நானோ. குலை வெட்டியபின் குப்பையாகும் வாழை மரத்தின் நாரை, கண்ணுக்கே தெரியாத இழையாக்கி, அதில் மருந்தை ஏற்றுகிறார்கள். காகிதமும் வாழை நாரும் ஒரே சாதி, இரண்டுமே செல்லுலோஸ். அட்டைப் பெட்டிக்கு அது நன்றாகவே பொருந்தும்.

மல்லிக்கு எப்போது?

பழுக்கும் பழம் வேறு, மலரும் மொட்டு வேறு. பழத்து மருந்தை அப்படியே மல்லிக்குத் தூக்கி வைக்க முடியாது. ஆனால் மருந்தை மெல்லக் கசியவிடும் பெட்டி என்ற யோசனை பூவுக்கும் பொதுதானே! அட்டைக்கும் அலைய வேண்டாம். மணப்பாறை மொண்டிப்பட்டியில் அரசின் டி.என்.பி.எல். ஆலை 2016 முதல் பேக்கிங் அட்டை தயாரிக்கிறது.

இரண்டு விஷயத்தில் உஷார் தேவை. ஒன்று, பாதுகாப்பு. நானோ உணவுப் பொருள்களையும் விவசாய இடுபொருள்களையும் எப்படிச் சோதிப்பது என்று மத்திய அரசு 2020-ல் நெறிமுறை வெளியிட்டது. அந்தச் சோதனையைத் தாண்டியே எதுவும் சந்தைக்கு வர வேண்டும். இரண்டாவது, விலை. பூவைவிடப் பெட்டி விலை கூடினால் யார் வாங்குவார்?

விடியுமுன் எழுந்து மொட்டுப் பறிக்கிறவருக்கு அரை நாள் கூடுதலாகக் கிடைத்தால் போதும். விலை பேசும் தைரியம் தானாக வந்துவிடும்!