மகளுக்கு எழுதிய வீட்டை உம்மா மீட்கலாமா?

மகள் குமராகிவிட்டால் வீடு கட்டத் தொடங்குவது கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் வழக்கம். காத்தான்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வாப்பா கடல் கடந்து உழைத்த காசும், உம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும், விற்ற நகையும்தான் சுவராகவும் கூரையாகவும் எழும்புகின்றன. நிகாஹ்வுக்கு முன்னரோ பின்னரோ அந்த வீடு மகளின் பெயருக்கு எழுதப்படுகிறது. மற்றப் பகுதிகளிலும் பிள்ளைகளுக்கு அன்பளிப்பாகக் காணி, வீடு எழுதும் பெற்றோர் அநேகர். எழுதுகிற அன்று எல்லோர் முகத்திலும் சந்தோஷம். கையெழுத்து எங்கே என்று கேட்கிறோம், வைக்கிறோம், எழும்பி வருகிறோம். உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே.

சில வருடங்கள் சென்ற பிறகுதான் கேள்வி வருகிறது. ஹிபா எனும் அன்பளிப்பின் சட்டங்களை மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறவன் என்பதால் என்னிடமும் சிலர் வருகிறார்கள். ஒரு தாய் சொல்கிறார்: “மகள் என்னைத் திரும்பியும் பார்க்கிறாள் இல்லை ஹஸ்ரத், எழுதிக் கொடுத்த வீட்டைத் திருப்பி எடுக்கலாமா?” இன்னொரு வீட்டில் மகள் கண் கலங்குகிறாள்: “உம்மா கோபத்தில் இருக்கிறா. வீட்டைத் தம்பிக்கு மாத்தி எழுதப் போறாவாம். அவவால ஏலுமா?” இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். முதலில் உறுதியைக் கொண்டு வாருங்கள். பதில் அதற்குள்தான் இருக்கிறது.

நமது நாட்டில் முஸ்லிம்களின் நன்கொடை பற்றிய அடிப்படை விதி 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க, முஸ்லிம்களின் மரணசாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் இறந்தவரின் சொத்தைப் பற்றியது போலத் தெரியும். ஆனால் அதன் 3ஆம் பிரிவு உயிரோடிருப்பவர் கொடுக்கும் நன்கொடையைப் பற்றிப் பேசுகிறது. கொடுப்பவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ அந்த மத்ஹபின் சட்டமே அவரது நன்கொடைக்குப் பொருந்தும் என்பது முதல் விடயம். அடுத்தது, ‘இது மீளப்பெற முடியாதது’ என்று உறுதியிலேயே சொல்லப்பட்டிருந்தாலன்றி எந்த நன்கொடை உறுதியும் மீளப்பெற முடியாததாகக் கருதப்படாது என்பது. உறுதியைப் பெறுபவரின் கையில் ஒப்படைத்தால், சொத்தின் ஆட்சியை ஒப்படைத்ததற்கு அது சான்றாகக் கொள்ளப்படும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

பிற சமூகத்தாருக்குப் பொதுவாகப் பொருந்தும் உரோமன் டச்சுச் சட்டத்தில் நிலைமை நேர்மாறானது. பெறுபவர் ஏற்றுக்கொண்ட நன்கொடையை, மீட்கும் உரிமையை உறுதியிலேயே வைத்துக்கொண்டிருந்தாலன்றி, சாதாரணமாக மீட்க முடியாது. மிகக் கடுமையான சில காரணங்கள் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்ணுக்கு அவளது தந்தை எழுதிய உறுதியில் ஒரு வசனம் இல்லாதிருந்தால் அவளுக்குப் பாதுகாப்பு. நம் மகளின் உறுதியில் அதே வசனம் இல்லாதிருந்தால் அவளது வீடு ஊசலாடுகிறது. அயலவரின் அனுபவத்தைக் கேட்டு நம் காரியத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். கொடுத்ததைத் திருப்பி எடுப்பதை நபி (ஸல்) அவர்கள் மிக அருவருப்பான ஒன்றுக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார்கள். ஆயினும் பிள்ளைக்குக் கொடுத்த பெற்றோருக்கு அதில் விலக்கு உண்டு. நம் நாட்டில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, கொடுத்த பொருள் பிள்ளையின் உடைமையில் இருக்கும்வரை பெற்றோர் அதை மீட்கலாம். பிள்ளை அதை விற்றுவிட்டால் அந்த வழி அடைபடும். மேமன் சமூகத்தார் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் நெருங்கிய இரத்த உறவுக்குக் கொடுத்ததை மீட்க முடியாது. ஒரே நாட்டில், ஒரே கட்டளைச் சட்டத்தின் கீழ், இரண்டு வீடுகளுக்கு இரண்டு பதில். (பிள்ளைகளுக்கிடையே கொடையில் நீதம் செய்யச் சொன்ன ஹதீஸும் நாம் அறிந்ததே. மகளுக்கு வீடு கொடுத்துவிட்டு மகன்மாரை வெறுங்கையோடு விடும் நம் வழக்கம் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.)

உறுதியை எழுதிப் பதிந்த பின்னும் அதைத் தன் அலுமாரியிலேயே பூட்டி வைத்திருக்கும் பெற்றோர் நம்மிடையே ஏராளம். “மகள் சின்னப் பிள்ளை, தொலைச்சிப் போடுவாள்” என்பார்கள். முஸ்லிம் சட்டத்தில் ஹிபா முழுமையடைய கப்ள், அதாவது கையளிப்பு அவசியம். உறுதி அலுமாரியில் இருக்கும்போதே தந்தை மவுத்தாகிவிட்டால், வீடு மகளுடையதா அல்லது வாரிசுகள் எல்லோருக்கும் பங்காகும் சொத்தா என்ற வழக்கு அங்கேதான் முளைக்கிறது. இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் உறுதியை மகள் கையில் கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இப்போது தாயின் பக்கம் வருவோம். வீட்டை எழுதிக் கொடுக்கும் தாய் ‘சீவிய உரித்து’ வைத்துக்கொள்ளலாம். தான் உயிரோடிருக்கும்வரை அந்த வீட்டில் வசிக்கவும் அதன் வருமானத்தை அனுபவிக்கவும் உள்ள உரிமை அது. மகளுக்கு உரிமை, தாய்க்கு அனுபோகம். சீவிய உரித்து சேர்ந்துவிட்டால் அந்த நன்கொடை 3ஆம் பிரிவிலிருந்து வெளியேறி விடுகிறது. அதே கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி அதற்கு உரோமன் டச்சுச் சட்டமே பொருந்தும். ஆகவே, “நாங்கள் ஷாஃபிஈ, பெற்றோர் மீட்கலாம்தானே” என்ற வாதம் அங்கே எடுபடாது. அநேகர் அறியாத இடம் இதுதான். தன் பாதுகாப்புக்காக ஒரு வசனம் சேர்த்த தாய், அதனாலேயே மீட்கும் வழி சுருங்கிவிட்டதை அறியமாட்டார். அப்படியிருந்தும், இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டுமென்றால் சீவிய உரித்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். வழக்காடி வீட்டை மீட்பதைவிட, வீட்டை விட்டு யாரும் வெளியேற்ற முடியாதபடி இருப்பது வயோதிபத்தில் பெரிய நிம்மதி.

உரோமன் டச்சுச் சட்டத்தில், மீளப்பெற முடியாத நன்கொடையையும் மீட்க ஒரு வாசல் உண்டு. அதுதான் ‘பாரதூரமான நன்றிகேடு’. கொடுத்தவர் மீது கை வைத்தல், சகிக்க முடியாத அவமானம் செய்தல், அவரது சொத்துக்குப் பெரும் சேதம் விளைத்தல், உயிருக்கு உலை வைக்கச் சதி செய்தல், நன்கொடையின் நிபந்தனையை மீறுதல் போன்றவற்றைப் பழைய சட்ட அறிஞர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். பெருநாளைக்கு வந்து பார்க்கவில்லை, மருமகன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பன மனதை வருத்தலாம். ஆனால் நீதிமன்றம் தேடுவது அதையல்ல.

முன்னர் இதில் ஒரு குழறுபடி நடந்துவந்தது. பிள்ளையோடு மனஸ்தாபம் வந்ததும் சிலர் நேரே நொத்தாரிசிடம் போய், “நன்றிகேட்டின் காரணமாக அந்த நன்கொடையை ரத்துச் செய்கிறேன்” என்று தாமாகவே இன்னொரு உறுதி எழுதிப் பதிந்துவிடுவார்கள். பிறகு அதே வீட்டை வேறொருவருக்கு எழுதுவார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு உறுதிக்காரர். நடுவில் அகப்பட்டவர் காசு கொடுத்து வாங்கிய அப்பாவி. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இந்த வழியை அடைத்தது. மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியைப் பாரதூரமான நன்றிகேட்டின் பெயரில் இல்லாதாக்க விரும்பும் எவரும் தகுதிவாய்ந்த நீதிமன்றத்தில் சிவில் வழக்குத் தொடர வேண்டும். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அது இல்லாதாகாது. இதற்குக் காலவரையறையும் உண்டு. “பார்ப்போம், திருந்துவாள்” என்று வருடக்கணக்கில் பொறுத்திருந்துவிட்டுப் போனால் வழக்கு வாசலிலேயே நின்றுவிடலாம்.

இது காதி நீதிமன்றத்துக்குரிய விடயமும் அல்ல. காதியாரிடம் போய் அலைந்து காலத்தைக் கழிக்கும் தாய்மாரைக் காண்கிறேன். வீட்டு உறுதி பற்றிய வழக்குக்குரிய இடம் மாவட்ட நீதிமன்றம். அங்கே நிரூபிக்கும் பாரம் வழக்குப் போட்டவர் மீதே விழுகிறது. அடித்தார்கள், துரத்தினார்கள் என்றால் அன்றே பொலிஸில் செய்த முறைப்பாடு, வைத்தியசாலைத் துண்டு, கண்ட அயலவர் ஆகியவைதான் பேசும். குடும்ப மானம் போய்விடும் என்று எதையும் பதியாமல் விட்ட தாய், பின்னர் வெறும் வாய்ப்பேச்சோடு சாட்சிக் கூண்டில் நிற்கிறார். வழக்கு நடக்கும்போதே வீட்டை விற்றுவிடுவார்களோ என்ற பயமிருந்தால், வழக்கு நிலுவையில் இருப்பதைக் காணிப் பதிவகத்தில் பதிந்து வைக்கும்படி சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு வாங்குபவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டே வாங்குகிறார். அதே 2017இல் 8ஆம் இலக்கச் சட்டம் சிவில் நடவடிக்கைமுறைக் கோவையைத் திருத்தி, விசாரணைக்கு முந்திய அமர்வு ஒன்றையும் கொண்டுவந்தது. தாயும் மகளும் சாட்சி சொல்லி ஒருவரையொருவர் கிழிப்பதற்கு முன் சமாதானத்துக்கு அது ஒரு வாய்ப்பு. சுல்ஹு பேசத் தெரிந்த பெரியவர் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் அந்தக் கட்டத்திலாவது அவரை அழையுங்கள்.

இனி உறுதி எழுதப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உறுதியை வாசித்து விளங்கப்படுத்துவது நொத்தாரிசின் கடமை. அவர் செய்யும் உபகாரமல்ல. தெரியாத மொழியில் எழுதியிருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘மீளப்பெற முடியாத’ என்ற சொல் இருக்கிறதா, சீவிய உரித்து யாருக்கு, உம்மாவுக்கு மட்டுமா, வாப்பாவுக்கும் சேர்த்தா என்று பேனாவைக் கையில் எடுக்கும் முன் கேளுங்கள். மகளே, நீங்களும் கேளுங்கள். கேட்பது உம்மாவைச் சந்தேகிப்பதாகாது.

“நான் எழுதி முடிச்சிட்டேன், சீவிய உரித்தும் வைக்கல்ல, இனி என்ன செய்ய?” என்று ஒரு விதவைத் தாய் என்னிடம் கேட்டார். மகளோடு அவருக்குப் பிணக்கு ஏதும் இல்லை, பயம் மட்டும்தான். இப்போது வீட்டுக்கு உரித்தாளி மகள். அவள் விரும்பினால், தாய் உயிரோடிருக்கும்வரை வசிக்கும் உரிமையை இன்னொரு உறுதி மூலம் தாய்க்கு எழுதிக் கொடுக்கலாம். அதுவும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டு, காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும்.