மேகமலையில் ஒரு பாசக்கார அப்பா!

தேனியை அடுத்த பழனிசெட்டிபட்டியில், முல்லைப் பெரியாற்றங்கரையில் மீன்கொத்தியைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். கம்பம் சாலையில் சின்னமனூர் வந்து பிரிந்தால் மேகமலை. பூக்களின் பெயர் சூட்டிய 18 கொண்டை ஊசி வளைவுகள்!

2021-ல் புலிகள் காப்பகமான இந்த மலையின் நாயகன் இருவாச்சி. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வெளியே வர மூன்று மாதங்களுக்கு மேலாகும். அதுவரை, சிறு பிளவு வழியே ஆண் பறவை ஊட்டுவதுதான் சாப்பாடு. நம் கூச்சலுக்குப் பயந்து அது ஒதுங்கிவிட்டால், உள்ளே தாயும் பிள்ளையும் பட்டினி.

அதனால் காட்டுக்குள் கூடாரம் வேண்டாம். பாட்டுச் சத்தமும் வேண்டாம். சின்னமனூரில் தங்கி, காலையில் மலையேறுங்கள். தலைக்கு மேல் நீராவி ரயில் போவதுபோல் சிறகொலி கேட்கிறதா? அப்பா சாப்பாடு கொண்டுபோகிறார்!