சாப்பிடுவது சிதம்பரத்தில், பெயர் கடலூரில்!

ரேஷன் கடையைப் பற்றி இந்தப் பகுதிக்கு எழுதும் தோழிகள் பெரும்பாலும் எடைக் குறைவு, கால் கடுக்க நிற்பது, 'பாமாயில் நாளைக்கு வாங்கம்மா' என்ற பதில் இவற்றைத்தான் எழுதுகிறார்கள. எல்லாம் நிஜம்தான். ஆனால் அந்த வரிசையில் நிற்கவே வழியில்லாத பெண்களும் இருக்கிறார்கள். கார்டு இல்லாதவர்களைச் சொல்லவில்லை. கார்டில் பெயர் இருக்கும். அந்தக் கார்டு மட்டும் அவர்கள் கையில் இருக்காது. நான் சொல்வது அவர்களைப் பற்றி.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அப்படி ஒரு பெண் இருக்கிறாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஜாக்கெட்டுக்கு ஹூக் தைப்பது, இதுதான் பிழைப்பு. கடலூர் முதுநகரில் கட்டிக் கொடுத்தார்கள். 2023-இல் கணவன் வேறொருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். இவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். கோர்ட், விவாகரத்து என்று எதுவும் கிடையாது. கேட்டால், "வக்கீலுக்குக் குடுக்கக் காசு இருந்தா நான் ஏங்க்கா ஹூக்கு தைக்கிறேன்?" என்பாள்.

ரேஷன் கார்டு மாமியாரிடம் இருந்தது. அதில் இவள் பெயர், இரண்டு பிள்ளைகள் பெயர் எல்லாம் அப்படியே. மாசம் பிறந்ததும் மாமியார் கைரேகை வைத்து அரிசி, சர்க்கரை, பருப்பு வாங்கிவிடுவார். கம்ப்யூட்டர் கணக்குப்படி இவளும் பிள்ளைகளும் கடலூரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்! இங்கேயோ மளிகைக் கடையில் அரை அரை கிலோவாக அரிசி வாங்கினாள்.

'எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம் என்று சொன்னார்களே?' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2020 அக்டோபரிலிருந்து கைரேகை வைத்து எந்த ரேஷன் கடையிலும் வாங்க வழி வந்தது. ஆனால் ஒரு கார்டுக்கு ஒரு மாதத்துக்கு ஒதுக்கீடு ஒன்றுதானே? அங்கே வாங்கிவிட்டால் இங்கே மெஷினில் காட்ட என்ன இருக்கும்? இன்னொரு தொல்லை, கார்டில் பதிந்திருந்த செல் நம்பர் கணவனுடையது. சாமான் வாங்கியதும் வருகிற குறுஞ்செய்தி அவனுக்குப் போகும். உங்கள் வீட்டுக் கார்டில் யார் நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது.

அரிசியோடு போனாலும் பரவாயில்லை. நம் ஊரில் எல்லாமே கார்டு கணக்கில்தானே வருகிறது? பொங்கல் தொகுப்பு கார்டுக்கு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2000 ரூபாய் அறிவித்தார்கள். அதுவும் கார்டுக்குத்தான். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் கார்டுக்கு ஒருவருக்குத்தான். எல்லாம் முதுநகர் வாசலோடு நின்றுவிட்டன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1997-இல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே ஒரு விலை, மேலே ஒரு விலை என்று கார்டுகளைப் பிரித்தது. பல மாநிலங்களில் ஏழை என்று நிரூபிக்கவே ஏழைகள் அலைந்தார்கள். தமிழ்நாடு அந்தப் பிரிவினைக்குப் போகவில்லை. 2011 ஜூனிலிருந்து அரிசிக் கார்டுக்கு அரிசி விலையில்லாமல் வந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும் 'எல்லோருக்கும்' என்பதை விட்டுவிடவில்லை. நமக்கு அதில் பெருமைதான். ஆனால் அதனாலேயே இங்கே கேள்வி வேறாகிவிடுகிறது. 'நீ ஏழையா?' என்று யாரும் கேட்பதில்லை. 'உன் பெயர் எந்தக் கார்டில் இருக்கிறது?' என்றுதான் கேட்கிறார்கள். ஒரு ஆதார் எண் ஒரு கார்டில்தான் இருக்க முடியும். பழைய கார்டில் பெயரை நீக்காமல் புதுக் கார்டும் கிடையாது, அம்மா கார்டில் சேர்க்கவும் முடியாது. நீக்க வேண்டுமென்றால் பழைய கார்டுக்காரர் மனசு வைக்க வேண்டும். அவர்கள் ஏன் மனசு வைக்கப்போகிறார்கள்? பேர் குறைந்தால் அரிசி குறையுமே!

அலுவலகத்தில் விசாரித்தபோது, "புருஷன் கையெழுத்து வாங்கிட்டு வா, இல்லேன்னா கோர்ட் பேப்பர் கொண்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று எழுதி ஒருவரைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. இவளும் கையெழுத்துக்காக இரண்டு தடவை ஆலப்பாக்கம் வழியாக பஸ் ஏறிக் கடலூர் போய் வந்தாள். இரண்டு தடவையும் கிடைத்தது வசவுதான். ஒரு நாள் தையல் கூலியும் போயிற்று, பஸ் காசும் போயிற்று.

என் நாத்தனார் மகள் பேப்பர் விடாமல் படிக்கிறவள். அவள்தான், "அத்தை, இதுக்கு ஒரு ஆர்டர் இருக்கு" என்றாள். அது 2022-ஆம் ஆண்டு உணவுத் துறை போட்ட உத்தரவு. கணவனால் கைவிடப்பட்டு, அல்லது கணவனைப் பிரிந்து தனியே வாழும் பெண், விவாகரத்து ஆவணம் இல்லாவிட்டாலும் தனி கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதிகாரிகள் நேரில் வந்து விசாரிக்க வேண்டும். உண்மை என்று தெரிந்தால் கணவன் கார்டிலிருந்து அவள் ஆதாரை அவர்களே நீக்கிவிட்டு புதுக் கார்டு தர வேண்டும். கணவன் கையெழுத்துக்கு அதில் வேலையே இல்லை! கைக்கு எட்டும் தூரத்தில் இப்படி ஒன்று இருக்க, அந்தப் பெண் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அலைந்துகொண்டிருந்தாள்.

மனு எழுதினோம். வளவளவென்று கண்ணீர்க் கதை வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். என்றிலிருந்து தனியே இருக்கிறாள், எந்த முகவரி, பழைய கார்டு எண் என்ன, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், 2022 உத்தரவுப்படி தனி கார்டு கேட்கிறேன் – இவ்வளவுதான், ஒரே பக்கம். பிள்ளைகளின் பள்ளிச் சான்று, இந்த முகவரிக்கு மாற்றிய ஆதார், அம்மா வீட்டு மின் கட்டண ரசீது சேர்த்தோம். திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். தோழிகளே, ரசீது இல்லாத மனு கிணற்றில் போட்ட கல். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, தாலுகா தோறும் இரண்டாவது சனிக்கிழமைகளில் ரேஷன் குறைதீர் முகாம் நடத்துகிற வழக்கம் இருக்கிறது. 1967 என்ற எண்ணில் போனிலும் சொல்லலாம்.

இ-சேவை மையத்தில் ஆன்லைன் விண்ணப்பமும் போட்டோம். வாசலிலேயே ஒருவர், "மூவாயிரம் குடுங்க, நானே முடிச்சுத் தரேன்" என்றார். இவள் பர்ஸைத் தொடப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விசாரணைக்கு ஒருநாள் அதிகாரி வந்தார். தெருவில் நாலு பேரிடம் கேட்டார், என்னிடமும் கேட்டார். பிறகு நேரே சமையல்கட்டுக்குப் போனார்! ஒரே வீட்டில் இரண்டு கார்டு என்றால் சமையல் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. அம்மாவுக்கு ஏற்கெனவே கார்டு இருக்கிறது. நல்லவேளையாக இவள் தாழ்வாரத்தில் ஒற்றை பர்னர் அடுப்பு வைத்துத் தனியாகத்தான் பொங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் வரும் அரிசியில் தம்பி குடும்பமும் சாப்பிட வேண்டுமே, அதில் கை வைக்கக்கூடாது என்ற ரோஷம்! அதுதான் அன்றைக்குச் சாட்சி சொல்லியது.

இரண்டரை மாதம் கழித்து, கடலூர் கார்டில் மூன்று பெயரும் நீக்கப்பட்டன. அன்று சாயங்காலமே மாமியார் போன் போட்டு வசை பாடினாராம். "எங்க பேர்ல மாசாமாசம் வாங்கினீங்களே அத்தை, அதைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசினேனா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த சில வாரங்களில் புதுக் கார்டு வந்தது. குடும்பத் தலைவி என்ற இடத்தில் இவள் போட்டோ. 2013-ஆம் ஆண்டு சட்டமே, வீட்டில் 18 வயது நிறைந்த மூத்த பெண்தான் கார்டுக்குக் குடும்பத் தலைவி என்கிறது. கடலூர் கார்டில் அந்த இடம் மாமியாருக்கு. இந்தக் கார்டில் இவளுக்கு.

முதல் மாத அரிசியை முறத்தில் போட்டுப் புடைத்தவள் ஓடி வந்தாள். "அக்கா, பிளாஸ்டிக் அரிசி கலந்துட்டாங்க, பாருங்க!" பார்த்தேன். கொஞ்சம் மஞ்சளும் வெள்ளையுமாகச் சில மணிகள். ஒரு கைப்பிடி பொறுக்கியும் வைத்திருந்தாள். அது செறிவூட்டிய அரிசி. மாவாக்கி, இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மறுபடி அரிசி வடிவில் செய்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலந்தது. கழுவும்போது மிதப்பதால் நம்மில் பல பேர் வடித்துக் கொட்டிவிடுகிறோம். ரத்தசோகைப் பெண்கள் சாப்பிட வேண்டியதைக் காக்காய்க்குப் போட வந்தாயா என்று திட்டி, திரும்பக் கலக்க வைத்தேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அந்தியோதயா கார்டு என்று ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டில் வந்தது. மாதம் 35 கிலோ அரிசி. மற்ற கார்டுகள் போல ஆள் எண்ணிக்கை பார்ப்பதில்லை. யாருக்கெல்லாம் தரலாம் என்ற விதியில் கைம்பெண்கள், ஊனமுற்றோர் இவர்களோடு, குடும்ப ஆதரவோ நிலையான வருமானமோ இல்லாத தனிப் பெண்களையும் சொல்லியிருக்கிறார்கள். ஹூக் தைத்து வருகிற காசில் என்ன நிலை இருக்கிறது? அதைக் கேட்டும் ஒரு மனு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

– ஒரு வாசகி, சிதம்பரம்.