பெயர் சக்கரவர்த்தினியுடையது, மண்டபம் ஜனங்களுடையது

சென்னை சென்டிரல் ரயில் நிலையத்தை அடுத்துச் செந்நிறமாய் நிமிர்ந்து நிற்கும் விக்டோரியா மண்டபத்தைக் கண்டு, ‘இஃது அந்நிய ஆட்சியின் சின்னம், நமக்கென்ன?’ என்று முகந்திருப்பும் தேசாபிமானிகள் உண்டு. அவர்தம் உணர்ச்சியை மதிக்கிறோம், முடிவை ஒப்போம். சரித்திரம் வேறு சாட்சி சொல்லுகிறது.

கவர்னர் டிரெவெலியன் காலத்தில் தோன்றிய பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு பகுதியே அந்நிலம். ஆண்டிறுதிதோறும் அப்பூங்காவில் நடைபெற்ற கண்காட்சிக்கும் வேடிக்கைகளுக்கும் நகர ஜனங்கள் திரண்டு செல்வர். 1886 டிசம்பர் 31இல் அங்கு மூண்ட தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மகிழ வந்தவர் மடிந்த அத்துயரம் மறக்கத்தக்கதன்று.

அக்காலத்தில் எழும்பிக்கொண்டிருந்ததே இம்மண்டபம். 1883 டிசம்பர் 17இல் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி அடிக்கல் நாட்டினார். படம் வரைந்தவர் சிஷோம் துரை. கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். செலவுக்கு நன்கொடைகள் வந்தன. நகரசபை 57 கிரவுண்டு நிலத்தை, கிரவுண்டுக்கு ஆண்டுக்கு எட்டணா வாடகையில் 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. நகர மண்டபமாகத் தொடங்கிய அதற்கு விக்டோரியாவின் பெயர் சூட்டப்பெற்றது, அவருடைய ஆட்சிப் பொன்விழாவுக்குப் பின், 1888இல்தான். பெயர் அவருடையது, பொருளும் உழைப்பும் நம்மவருடையவை.

சேதுநாட்டாருக்கும் இதில் உரிமையுண்டு. 1893இல் சிக்காகோ நகரத்துப் பெருங்கண்காட்சியை ஒட்டியே சர்வமத மகாசபை கூடியது. அதற்குச் செல்லுமாறு சுவாமி விவேகானந்தரைத் தூண்டியவர்களுள் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி ஒருவர். 1897 ஜனவரி 26இல் பாம்பனில் கரையேறிய சுவாமியை எதிர்கொண்டு வணங்கியவரும் அவரே. சுவாமியின் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்கள் இழுத்தபோது அரசரும் உடன் இழுத்தார். அடுத்த மாதமே சுவாமி, தேசத்துக்குத் தாம் வகுத்த வேலைத்திட்டத்தை விக்டோரியா மண்டபத்தில் நின்று முழங்கினார். சக்கரவர்த்தினியின் பெயர் தாங்கிய கூரையின்கீழ் அடிமைத் தூக்கம் கலைந்தது! பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையும் அங்கே நாடகக்கலையை வளர்த்தது.

நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த மண்டபத்தை மாநகராட்சி 2023இல் புதுப்பிக்கத் தொடங்கியது, வரவேற்கிறோம். ஆனால் சுவருக்குச் சாந்து பூசுவது மட்டும் போதாது. பார்த்துப் போகும் காட்சிப் பொருளாக அதனை ஆக்கிவிடலாகாது. ஏழைச் சங்கமும் ஏற்கக்கூடிய வாடகையில் கூட்டத்துக்கும் நாடகத்துக்கும் அது கிடைக்க வேண்டும். 1886இன் தீயையும், அருகிருந்த மூர் மார்க்கெட்டை 1985இல் விழுங்கிய தீயையும் நினைத்து, வாயில்களும் தீத்தடுப்பும் குறைவின்றி அமைய வேண்டும்.

ஜனங்கள் கூடிப் பேசாத மண்டபம் எவருடைய பெயரைத் தாங்கினால் என்ன?