பளபளன்னு இருந்தா ப்ரூஃப் காயினா? கிரேடிங்குக்கு அனுப்பும் முன் நீங்களே செக் செய்வது எப்படி?

2024 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு 10 சென்ட் நாணயம் ஆன்லைன் ஏலத்துக்கு வந்தது. விலைபோனது 5,06,250 டாலருக்கு. நம்ம ஊர் கணக்கில் 4 கோடி ரூபாய்க்கும் மேல். அந்த நாணயத்தில் வைரமோ தங்கமோ எதுவும் இல்லை. சொல்லப்போனால், அதில் இருக்க வேண்டிய ஒரு எழுத்துகூட இல்லை. அந்த விலைக்குக் காரணமே அதுதான்!

இப்படி ஒரு செய்தி வைரலானதும் என்ன நடக்கும்? 'எழுத்து இல்லாத' நாணயங்கள் ஆன்லைனில் விற்பனைக்கு வர ஆரம்பிக்கும். அவற்றில் எது அசல், எது கைவேலை? கிரேடிங் நிறுவனத்துக்குப் பணம் கட்டி அனுப்பும் முன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

ப்ரூஃப் காயின் என்றால் என்ன?

பலரும் நினைப்பதுபோல 'ப்ரூஃப்' என்பது நாணயத்தின் தரத்தைக் குறிக்கும் சொல் அல்ல. அது ஒரு தயாரிப்பு முறை. புழக்கத்துக்கான நாணயங்களை மெஷின் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில், ஒரே அடியில் அடித்துத் தள்ளும். அடித்த நாணயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொட்டியில் விழும். ப்ரூஃப் நாணயத்துக்கு அச்சு, வெற்றுத் தகடு இரண்டையுமே முதலில் மெருகேற்றுவார்கள். அதிக அழுத்தத்தில் குறைந்தது இரண்டு முறை அடிப்பார்கள். பிறகு ஒவ்வொன்றையும் தனியாகக் கையாண்டு பேக் செய்வார்கள்.

அதனால்தான் அதன் பின்னணி கண்ணாடிபோல இருக்கிறது. எழுத்துகளும் விளிம்பும் கத்தியால் வெட்டியதுபோலக் கூர்மையாக நிற்கின்றன. இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பளபளப்பைப் பின்னால் சேர்க்கலாம், அந்தக் கூர்மையைப் பின்னால் சேர்க்க முடியாது.

அந்த எழுத்து ஏன் காணாமல் போனது?

1975-ல் அமெரிக்காவின் ப்ரூஃப் செட்டுகள் சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலையில் தயாராகின. அதன் அடையாளம் 'எஸ்' என்ற எழுத்து. ஆனால் அச்சுகள் தயாரானது பிலடெல்பியாவில். அங்கேயே ஒவ்வொரு அச்சிலும் 'எஸ்' எழுத்தைக் கையால் பதித்து அனுப்புவார்கள். 10 சென்ட் நாணயத்துக்கான ஒரு அச்சில் அதைப் பதிக்க மறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு விற்ற 28 லட்சத்துக்கும் அதிகமான செட்டுகளில், எழுத்து இல்லாததாக இதுவரை தெரியவந்தவை இரண்டே இரண்டு நாணயங்கள்தான்.

ஏமாற்றுவது எப்படி?

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, 'எஸ்' உள்ள சாதாரண 1975 ப்ரூஃப் நாணயத்தை எடுத்து, அந்த எழுத்தைச் சுரண்டிவிடுவது. இன்னொன்று, பிலடெல்பியாவில் அடித்த புழக்க நாணயத்தை மெருகேற்றியோ முலாம் பூசியோ ப்ரூஃப் என்று விற்பது. அந்த ஊர் 10 சென்ட் நாணயங்களில் 1980 வரை எந்த எழுத்தும் கிடையாது. அதனால் சுரண்டும் வேலைகூட மிச்சம்.

முதல் வகையில் கண்ணாடிப் பளபளப்பு அசல், எழுத்து இருந்த இடம் போலி. இரண்டாவது வகையில் எழுத்து இல்லாதது அசல், பளபளப்பு போலி. எனவே இரண்டையும் வேறு வேறு விதமாகத்தான் சோதிக்க வேண்டும்.

சோதனை 1: எழுத்து இருந்த இடம்

10 மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு லென்ஸ், ஒரே ஒரு டேபிள் லைட். இது போதும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, நாணயத்தின் ஓரத்தை மட்டும் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். 1975 நாணயத்தில் 'எஸ்' இருக்க வேண்டிய இடம், முகப்பில் ஆண்டு எண்ணுக்கு மேலே. கண்ணாடிப் பரப்பில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் நெளிந்தாலோ, சின்னப் பள்ளம், மங்கல், கீறல் தெரிந்தாலோ சந்தேகப்படுங்கள். உலோகத்தைச் சுரண்டியவர் மறுபடியும் மெருகேற்றியிருக்கலாம். ஆனால் அந்தத் தளத்தைப் பழையபடி சமமாக்குவது மிகவும் கடினம்.

வேறு நாணயங்களில் இதுவே தலைகீழாகவும் நடக்கும். விலை அதிகமுள்ள நாணயச் சாலையின் எழுத்தை ஒட்டிவிடுவார்கள். எழுத்தின் அடியைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடோ பசையோ தெரிகிறதா எனப் பாருங்கள்.

சோதனை 2: பளபளப்பு எங்கே இருக்கிறது?

துணியும் பாலிஷும் போட்டுத் தேய்த்தால் மேடான இடங்களும் சேர்ந்து மினுங்கும். எழுத்துகளின் இடுக்கில் துணி நுழையாது. அதனால் அங்கே மட்டும் மங்கலான வளையம் தங்கிவிடும். வெளிச்சத்தில் திருப்பினால் ஒரே திசையில் ஓடும் முடி போன்ற கீறல்கள் தெரியும்.

விளிம்பையும் விடாதீர்கள். ப்ரூஃப் நாணயத்தின் விளிம்பு சதுரமாக, கூராக இருக்கும். புழக்க நாணயத்தில் அது சற்று உருண்டிருக்கும். தலைமுடி, இலை நரம்பு போன்ற நுண்ணிய கோடுகள் முழுமையாக இல்லையென்றால், எவ்வளவு மின்னினாலும் யோசிக்க வேண்டும்.

சோதனை 3: பக்கவாட்டில் செம்புக் கோடு

1965-க்குப் பிறகு வந்த வழக்கமான 10 சென்ட் நாணயத்தின் நடுவில் செம்பு, இரு பக்கமும் செம்பு-நிக்கல் கலவை. பக்கவாட்டில் பார்த்தால் செம்பு நிறக் கோடு தெரியும். முலாம் பூசினால் அந்தக் கோடு மறைந்துவிடும். சில ஆண்டுகளில் வெள்ளியிலும் தனி ப்ரூஃப் செட்டுகள் வந்திருக்கின்றன, அவற்றில் இந்தக் கோடு இருக்காது. 1975 நாணயம் வெள்ளி அல்ல. எனவே கோடு இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எடை 2.268 கிராம், விட்டம் 17.91 மில்லிமீட்டர். இரண்டும் சரியாக இருந்தாலும் நிம்மதியடைய வேண்டாம். முழுப் போலியாக இருந்தால் எடை காட்டிக்கொடுக்கும். அசல் நாணயத்தில் கைவைத்திருந்தால் எடை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

அவசரப்பட்டு ஒதுக்கிவிடவும் வேண்டாம்

புதிதாக மெருகேற்றிய அச்சில் முதலில் அடித்த சில புழக்க நாணயங்கள் இயல்பாகவே கண்ணாடிபோல வரும். இவற்றை 'ப்ரூஃப்-லைக்' என்பார்கள். அசல்தான், ஆனால் ப்ரூஃப் அல்ல. அதேபோல யாரோ தெரியாமல் செலவழித்த அசல் ப்ரூஃப் காயின், கைமாறி மங்கிப்போயிருக்கலாம். அப்போதும் விளிம்பின் கூர்மைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கிரேடிங் எப்போது?

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் 70 புள்ளி அளவுகோலில் மதிப்பிடுகின்றன. தேய்த்துச் சுத்தம் செய்தது, திருத்தியது எனத் தெரிந்தால் வழக்கமான புள்ளி கிடைக்காது. சந்தை மதிப்பும் சரிந்துவிடும். 'அனுப்பும் முன் கொஞ்சம் துடைச்சிடலாமே' என்று நினைத்தால் அசல் நாணயத்தை நீங்களே கெடுத்ததாகிவிடும். ஏற்கெனவே கிரேடிங் ஆன நாணயத்தை வாங்குவதானால், பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ள நாணயத்தோடு ஒப்பிடுங்கள். பெட்டியிலும் போலி வருகிறது.

இந்தியாவிலும் அரசு நாணயச் சாலைகள் நினைவு நாணயங்களை ப்ரூஃப், யுஎன்சி என இரண்டு வகைகளில் விற்கின்றன. ஒரே டிசைன், வேறு வேறு விலை. யுஎன்சி-யை மெருகேற்றி ப்ரூஃப் விலைக்குத் தள்ளிவிட யாராவது முயன்றால், இதே டேபிள் லைட்டும் லென்ஸும் இங்கேயும் உதவும். பணம் அனுப்பும் முன், நாணயத்தைச் சாய்த்துத் திருப்பும் வீடியோவைக் கேளுங்கள். நேராக எடுத்த ஒற்றை போட்டோவில் எல்லா நாணயமும் அழகாகத்தான் தெரியும்.