வீட்டுக்கு முன் மனை கேட்போம்

மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலை, கனமழையில் சுமார் 20 அடிக் கருங்கல் மதில் வீடுகளின் மேல் சரிந்து, உறக்கத்திலேயே நம் மக்கள் 17 பேர் மடிந்தனர். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே சொன்னோம், இன்றும் சொல்கிறோம்.

கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் ஊரகத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் அதற்குச் சொந்த மனையும் பட்டாவும் வேண்டும். நம் வளவுகளிலோ ஒரே வீட்டில் மூன்று குடும்பம். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில்.

ஆகவே கிராம சபையில் முதலில் மனை கேட்போம். அது எங்கே என்றும் கேட்போம்: ஓடைக்கரையும் வேண்டாம், மதிலடியும் வேண்டாம். படிக்கிற தம்பி, தங்கைகளே, மனுவை நீங்கள் எழுதுங்கள்; தீர்மானப் பதிவேட்டில் ஏறிய பிறகே எழுந்து வாருங்கள்.