29 அங்குல மைதானம்

"டொக்... டொக்... டொக்! இந்த வீட்டிலே நிம்மதியாக ஒரு தொடர்கதை படிக்க முடிகிறதா?" என்று அலுத்துக்கொள்ளும் தாய்மார்கள் அநேகம். கோடை விடுமுறை வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். கேரம் பலகையைச் சுற்றி நாலு பிள்ளைகள். அந்த நாலு பிள்ளைகளுக்குள் நாற்பது சண்டைகள்!

அந்த 'டொக் டொக்' சத்தத்தைக் கேட்டு இனிமேல் கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சிபாரிசு செய்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. காரணம் தெரிய வேண்டுமானால் என்னோடு கொஞ்சம் வடசென்னைக்கு வாருங்கள்.

ராயபுரத்தில் ஆரம்பித்து, காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரைக்கும் போனால், ஒரு பக்கம் கடல். மறு பக்கம் தொழிற்சாலைகள். நடுவே, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும் சாலை. சந்துக்குள் நுழைந்தால், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன வீடுகள். பிள்ளைகள் ஓடியாடி விளையாட இடத்துக்கு எங்கே போவது?

ஆனால் கேரத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்? காய் ஓடுகிற பரப்பு இந்தப் பக்கம் 29 அங்குலம், அந்தப் பக்கம் 29 அங்குலம். அடியில் ஒரு ஸ்டூலும் தலைக்கு மேல் ஒரு பல்பும் இருந்தால் மைதானம் தயார்! சாயங்காலமானால் தெருமுனையில் பலகையைச் சூழ்ந்து நிற்கும் கூட்டம் இந்தப் பக்கத்தில் சகஜமான காட்சி.

இந்தக் குட்டி மைதானத்திலிருந்து புறப்பட்டவர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள், தெரியுமா? வியாசர்பாடியில் வளர்ந்த இளவழகி 2008-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துக்குப் போய் உலகப் பட்டத்தை வென்று திரும்பினார். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில், ஒற்றையர், இரட்டையர், குழு ஆட்டம் ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 17. தமிழ்நாடு அரசாங்கம் அவருக்கு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக, 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியனாகி, அர்ஜுனா விருதும் பெற்றவர் சென்னை மரிய இருதயம். இவ்வளவு ஏன், சர்வதேச கேரம் சம்மேளனமே 1988-ல் சென்னையில்தான் பிறந்தது!

காசிமாவின் தகப்பனார் ஆட்டோ ஓட்டுகிறவர். அவரேதான் செரியன் நகரில் பிள்ளைகளுக்குக் கேரம் கற்றுக்கொடுக்கிறவரும். சகோதரரும் ஆட்டக்காரர். நமக்கு வேண்டிய ரகசியம் இதிலேதான் இருக்கிறது. குழந்தைக்கு ஓர் ஆட்டத்தில் பிரியம் ஏற்பட வேண்டுமானால், "போய் விளையாடு" என்று சொன்னால் போதாது. "வா, விளையாடலாம்" என்று பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

எப்படி ஆரம்பிப்பது? ஐந்தாறு வயதுக் குழந்தையிடம், "வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று, சிவப்புக்கு மூன்று புள்ளி" என்று சட்டதிட்டங்களை ஒப்பிக்காதீர்கள். பலகையைத் தரையில் வையுங்கள். ஒரு காயைக் குழியின் வாயிலேயே வைத்து, ஸ்ட்ரைக்கரால் தள்ளச் சொல்லுங்கள். காய் உள்ளே விழுந்ததும் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அதற்கப்புறம் காயை ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். ஆசை தானே வளரும். மெல்லத் தட்டப் பழக்குங்கள். பலமாக அடித்து விரல் வலித்தால் மறுநாள் பலகைப் பக்கமே வராது. போரிக் பவுடர் போடுகிற வீடாக இருந்தால், அது வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

"இன்னும் ஒரே ஓர் ஆட்டம், அம்மா!" என்று கெஞ்சுகிற நேரத்தில்தான் பலகையை மடக்கிவைக்க வேண்டும். அலுத்துப்போகிற வரைக்கும் ஆடவிட்டால், அந்த அலுப்புத்தான் மனசில் நிற்கும்.

தோல்வி விஷயம் கொஞ்சம் சங்கடமானது. குழந்தை அழுமே என்று நாம் வேண்டுமென்றே தோற்றால், இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடும். அதைவிட, ஆரம்பத்திலேயே குழந்தையின் காய்களில் நாலை எடுத்து வைத்துவிட்டு, மற்றபடி நியாயமாக ஆடுங்கள். அப்போது கிடைக்கிற ஜெயம் நிஜமான ஜெயம். கை தேற ஆரம்பித்ததும் நாலை மூன்றாக்கலாம், இரண்டாக்கலாம். ஒரு நாள், "எனக்குச் சலுகை வேண்டாம்" என்று குழந்தையே சொல்லும்.

இதெல்லாம் சுலபம். கஷ்டமான கட்டம் பின்னால் வருகிறது.

கேரத்தில் சிவப்புக் காயைக் குழியில் போட்டுவிட்டால் மட்டும் அது நமக்குச் சொந்தமாகிவிடாது. அடுத்த அடியில் நம்முடைய காய் ஒன்றும் விழ வேண்டும். அதற்குத்தான் பையன்கள் 'ஃபாலோ' என்று சொல்கிறார்கள். ஃபாலோ விழாவிட்டால் சிவப்பு மறுபடியும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். குழந்தைக்கு ஆசையை உண்டாக்குவது சிவப்பைப் போடுகிற மாதிரி. அந்த ஆசையைப் பதின்மூன்று, பதினாலு வயதில் காப்பாற்றிக் கொடுப்பதுதான் ஃபாலோ.

எங்கள் வீட்டில் அந்த ஃபாலோ விழவில்லை. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, கணக்கில் மார்க்குக் குறைந்தது என்று பலகை பரண்மேல் ஏறிவிட்டது. "வயசுப் பெண்ணுக்கு இன்னும் என்ன விளையாட்டு?" என்று பாட்டி ஒத்து ஊதினாள். இரண்டு வருஷம் கழித்து அதே பலகை கீழே இறங்கியது, தம்பிக்காக! நானோ அதற்குள் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்று பார்க்கிறவளாகிவிட்டேன். விட்டிருந்தால் உலகச் சாம்பியனாகியிருப்பேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தெருப் போட்டியிலேயே முதல் சுற்றைத் தாண்டாத கை இது! இருந்தாலும், எனக்கென்று ஒரு சந்தோஷம் இருந்தது. அது போயிற்று. கணக்கு மார்க்கு ஏறியதா என்றால், அதுவும் இல்லை.

பரீட்சைக் கவலை எனக்கும் தெரியும். பலகையைப் பரண்மேல் ஏற்றாமல், படிப்பு முடிந்ததும் அரை மணி என்று கணக்கு வையுங்கள். அந்த அரை மணி பிள்ளைக்கு உண்டென்றால் பெண்ணுக்கும் உண்டு. மேலே சொன்ன இளவழகியும் காசிமாவும் பெண்கள்தானே? அந்த வயதில் அவர்கள் வீட்டுப் பலகை பரண்மேல் ஏறியிருந்தால், பதக்கம் எங்கிருந்து வந்திருக்கும்? பதக்கம் வராத பெண்ணுக்கும், நாற்பது வயதில், வேலையெல்லாம் ஓய்ந்த ராத்திரியில், தன் குழந்தையோடு உட்கார்ந்து ஆட ஓர் ஆட்டம் மிஞ்சும். அது மட்டும் சாமான்யமா?

ஆகவே, இன்று சாயங்காலம் அந்த 'டொக் டொக்' சத்தம் கேட்டால், பத்திரிகையை மூடி வைத்துவிட்டுப் பலகையின் நாலாவது பக்கத்தில் போய் உட்காருங்கள். தொடர்கதை எங்கே போய்விடும்? அடுத்த வாரமும் வரும். "அம்மா, நீயும் ஆட வாயேன்!" என்று கூப்பிடுகிற வயது அப்படிக் காத்திருக்காது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் ஆட்டத்தில் தோற்கப்போவது நீங்கள்தான்!